பெரிய விமான நிலையம் வளர வளர, சின்ன விமானம் எங்கே போய்ப் பறக்கும்?

உங்கள் மகள் பெங்களூரில் ஒரு சிறிய பள்ளியில் விமானம் ஓட்டக் கற்கிறாள். பாதி நாள் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள், அதாவது அனுமதி வாங்கித்தான் பறக்க வேண்டிய வானத்துக்குள், நுழைய அனுமதி கேட்டுக் காத்திருப்பதிலேயே போய்விடுகிறது. இந்த நிலையில் பெரிய விமான நிலையத்துக்கு இன்னும் கொஞ்சம் வானத்தைச் சேர்த்துக் கொடுப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "பாதுகாப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க முடியாதா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. கேட்கலாம். ஆனால் எந்த இடத்தில் கேட்டால் நியாயம், எந்த இடத்தில் கேட்டால் வாதம் நிற்காது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

நான் முப்பது வருடத்துக்கும் மேல் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன். டவரிலும் இருந்தேன், நிலையத்தை நெருங்கும் விமானங்களை வழிநடத்தும் அப்ரோச் ரேடாரிலும் இருந்தேன். இப்போது ஓய்வுபெற்று ஜீவன்பீமா நகர் பக்கம் இருக்கிறேன். விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தின் ஓடுபாதையிலிருந்து ஏதாவது ஜெட் கிளம்பினால் இன்றும் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். நான் சொல்வதெல்லாம் அனுமதி கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது. அனுமதி கேட்டுக் காத்திருக்கும் விமானி இதே விஷயத்தை வேறு மாதிரி எடை போடலாம். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. பெங்களூர் போன்ற விமான நிலையத்தைச் சுற்றியிருக்கும் வான்வெளி பெரும்பாலும் டி வகுப்பு. அதற்குள் நுழைய ரேடியோ வேண்டும், அனுமதி வேண்டும். கருவிகளை நம்பிப் பறக்கும் விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பது கன்ட்ரோலரின் கடமை. கண்ணால் பார்த்துப் பறக்கும் சின்ன விமானத்துக்கு, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்ற தகவலைத்தான் அவர் தருவார்; பார்த்து ஒதுங்குவது விமானியின் பொறுப்பு. இந்த வட்டத்துக்கு வெளியே ஜி வகுப்பு. அங்கே நுழைய கன்ட்ரோலரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பெரும்பாலும் கண்ணை நம்பித்தான் பறக்கிறார்கள்.

அந்தக் கண்ணை எவ்வளவு நம்பலாம்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்தாயிரம் அடிக்குக் கீழே ஜெட் விமானத்துக்கு வேக வரம்பு 250 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). உங்கள் மகள் ஓட்டும் செஸ்னா மாதிரி சின்ன விமானம் சுமார் 100, 120 நாட் போகும். நேருக்கு நேர் வந்தால் இரண்டும் சேர்ந்து 370 நாட், அதாவது நொடிக்கு 190 மீட்டர். எதிரே ஒரு விமானம் வருவதைக் கண்டு, அது என்ன என்று புரிந்து, முடிவெடுத்து, கையைத் திருப்பி, விமானம் நகர்ந்து முடிக்க 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறை பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அப்படியானால் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்திலேயே கண்ணில் பட்டாக வேண்டும். அந்தத் தூரத்தில் பதினொரு மீட்டர் இறக்கை கொண்ட ஒரு செஸ்னா, முழு நிலவின் அகலத்தில் பாதிதான் தெரியும். அதிலும் இறக்கை ஒரு மெல்லிய கோடு, நடுவில் ஒரு புள்ளி. பின்னால் நகரத்தின் கட்டடங்கள் இருந்தால் அதுவும் கரைந்துவிடும். அதனால் ஜெட்கள் இறங்கும் பாதையில் "பார்த்து ஒதுங்கிக்கொள்வோம்" என்ற வாதம் நிற்காது. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வந்துவிட்ட ஒரு சின்ன பைப்பர் விமானமும் ஒரு பயணிகள் ஜெட்டும் மோதின. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். எந்த விமானியும் வேண்டுமென்று உள்ளே வருவதில்லை. எல்லைக்கோடு தரையில் வரைந்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

சரி, எவ்வளவு வானம் தேவை? இங்கேதான் நீங்கள் கேள்வி கேட்கத் தொடங்கலாம். இறங்கும் விமானம் மூன்று டிகிரி சரிவில் வருகிறது. ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி. ஓடுபாதையிலிருந்து பத்து கடல் மைல், அதாவது பதினெட்டரை கிலோமீட்டர் தள்ளி அது தரைக்கு மேல் 3,000 அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஓடுபாதைக்கு அருகே மட்டும் தரையிலிருந்தே கட்டுப்பாடு வேண்டும். சர்வதேச விதி அதற்குக் குறைந்தது ஐந்து கடல் மைல் என்கிறது. அதற்கு வெளியே, தலைகீழாகக் கவிழ்த்து வைத்த படிக்கட்டு மாதிரி, தள்ளிப் போகப் போக கட்டுப்பாட்டின் அடித்தளம் உயர்ந்துகொண்டே போகலாம். அந்தப் படிகளுக்குக் கீழே சின்ன விமானங்கள் தாராளமாகப் பறக்கலாம். அடித்தளத்தை இன்னும் இறக்க வேண்டும் என்று ஒரு விமான நிலையம் கேட்டால், பெரும்பாலும் காரணம் இதுதான்: விமானங்களை முன்கூட்டியே தாழ்வாகக் கொண்டுவந்து, அந்த உயரத்திலேயே சில மைல்கள் மட்டமாக ஓட்டி, வரிசைப்படுத்தும் பழக்கம். அது எங்களுக்கு, கன்ட்ரோலர்களுக்கு, வசதி. ஆனால் தொடர்ந்து சரிவாக இறங்க வைத்தால் எரிபொருளும் மிச்சம், சத்தமும் குறைவு, கீழே வானமும் மிச்சம். அதனால் "இந்தப் படி ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது, எந்த விமானம் உண்மையில் அங்கே பறக்கிறது" என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. ரேடார் பதிவில் அதற்கு விடை இருக்கும்.

பெங்களூரில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் வான்வெளியின் அடித்தளம் 4,500 அடி என்று போட்டிருந்தால், சென்னைக்காரருக்கு அது தாராளமாகத் தெரியும். இங்கே அது தரைக்கு மேல் வெறும் 1,500 அடி. நந்தி மலை உச்சியே 4,851 அடி. இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலையிலிருந்து மீளும் பயிற்சிக்குத் தரையிலிருந்து மூவாயிரம் அடியாவது வேண்டும் என்பார்கள் பயிற்சியாளர்கள். இன்ஜின் நின்றுபோனால் இறங்க ஒரு வயலைத் தேடிப் பிடிப்பதற்கும் உயரம்தான் நேரம். போதாததற்கு, இந்த உயரத்தில், மார்ச் ஏப்ரல் மதிய வெயிலில் காற்று மெலிந்துபோகும். சின்ன இன்ஜின் திணறித் திணறி ஏறும். "ஐந்நூறு அடி ஏறிக் கடந்து போ" என்று ரேடியோவில் சொல்வது சுலபம். அதைச் செய்து முடிக்க உங்கள் மகளுக்கு நிமிடங்கள் ஆகும். வேறு ஊரில் சரியாக இருந்த ஒரு வடிவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், கீழே மிஞ்சுவது மிகக் குறுகிய ஒரு அடுக்கு.

அடுத்து, இங்கே நெருக்கம் அதிகம். தேவனஹள்ளி விமான நிலையம் 2008 மே மாதம் திறந்தது. இரண்டாவது ஓடுபாதை 2019 டிசம்பரில் வந்தது. அதற்குத் தெற்கே யெலஹங்காவில் விமானப்படைத் தளம். அதையும் தாண்டினால் ஜக்கூரில் கர்நாடக அரசின் பயிற்சிப் பள்ளி. இன்னும் தெற்கே எச்ஏஎல். தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலில் எழுந்த ஓடுபாதை அதுதான். நல்ல வேளையாக நான்கின் ஓடுபாதைகளும் ஏறத்தாழ கிழக்கு மேற்காகவே கிடக்கின்றன, இல்லாவிட்டால் இந்த ஏற்பாடே நடந்திருக்காது. ஆனால் தேவனஹள்ளிக்கு ஒரு கட்டுப்பாடு, யெலஹங்காவுக்கு விமானப்படை, எச்ஏஎல்லுக்கு அவர்களே. ஒரு பயிற்சி விமானம் தெற்கிலிருந்து வடக்கே போக இரண்டு மூன்று பேரிடம் பேச வேண்டியிருக்கும். உங்கள் மகள் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி, வான்வெளி பெரியது என்பதால் வருவதில்லை. அந்த மூன்று அறைகளுக்கு நடுவே நடக்கும் தொலைபேசிப் பேச்சால் வருகிறது. ஜக்கூருக்கு நெருக்கடி தரையிலும் வந்தது: விமான நிலையத்துக்குப் போக ஹெப்பாலிலிருந்து போட்ட உயர்மட்டச் சாலை, அந்தச் சின்ன ஓடுபாதையின் பயன்படும் நீளத்தைக் குறைத்தது. பெரியது வளரும்போது சின்னது எப்படிச் சுருங்குகிறது என்பதை அந்தச் சாலையில் போகும் யாரும் பார்க்கலாம்.

இப்போது சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். கட்டுப்பாட்டு வான்வெளியை விரித்தால், அதற்குள் பறக்கும் பயணிகளுக்கு ஆபத்து குறையும். இது உறுதி. ஆனால் மொத்த வானத்தில் ஆபத்து குறையுமா என்றால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். வெளியே தள்ளப்பட்ட விமானங்கள் காணாமல் போவதில்லை. மிச்சமிருக்கும் இடுக்குகளில் வந்து குவிகின்றன. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு மேலே, பெரிய விமான நிலையங்களின் வான்வெளிக்கு அடியில், சின்ன விமானங்களுக்கென்று ஒரு தாழ்வான தடம் விட்டிருந்தார்கள். 2009 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரு பைப்பரும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் தடத்தை மூடவில்லை. நின்று சுற்றிப் பார்ப்பவர்களுக்குக் கீழ் உயரம், கடந்து போகிறவர்களுக்கு மேல் உயரம், வேகத்துக்கு 140 நாட் வரம்பு, குறிப்பிட்ட இடங்களில் ரேடியோவில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். எனக்கு அது சரியான தீர்வாகப் படுகிறது. இந்த ஆபத்து மாறுவதை முன்கூட்டியே எண்ணிச் சொல்வது கடினம், ஏனென்றால் ஜெட் விமானங்கள் ஒவ்வொன்றும் பதிவாகின்றன. அனுமதி கேட்காமல் வெளியே பறப்பவர்கள் அப்படிப் பதிவாவதில்லை. கணக்கு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது.

கட்டுப்பாடு இருந்தால் மட்டும் போதாது என்பதை நம் நாடு மிகவும் விலை கொடுத்துக் கற்றது. 1996 நவம்பர் 12, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி. சவுதி விமானம் ஒன்று டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது, கசகஸ்தான் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. 349 பேர். நடுவானில் நடந்த மோதல்களில் உலகிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது அது. இறங்கிய விமானம் தனக்குக் கொடுத்த உயரத்துக்கும் கீழே வந்ததுதான் நேரடிக் காரணம். ஆனால் ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே தடத்தில் எதிரெதிரே வர வேண்டியிருந்தது ஏன்? டெல்லியைச் சுற்றியிருந்த வானத்தில் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால். அதற்குப் பிறகுதான் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனித் தடங்கள் வந்தன, மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. அன்று எங்கள் தலைமுறை கன்ட்ரோலர்கள் தூங்கவில்லை. வானத்தைப் பங்கிடுவது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும். 2020 மே மாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் தடையின்றிக் கிடைக்கிறது என்றும், கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அறிவித்தார். பெரிய விமானங்களுக்கு இடம் வேண்டுமென்றால் சின்னவர்களிடம் மட்டும் எடுக்க வேண்டியதில்லை. பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் நேரங்களிலிருந்தும் எடுக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நேரத்தைப் பங்கிட முடியாது என்று யாராவது சொன்னால் யெலஹங்காவைக் காட்டுங்கள். 1996லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏரோ இந்தியா நடக்கும்போது, சாகச நேரங்களில் தேவனஹள்ளி விமானங்களே நிற்கின்றன. முன்கூட்டியே நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) வருகிறது, விமான நிறுவனங்கள் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. போர் விமானங்களுக்காக அதைச் செய்ய முடிகிறதென்றால், ஜெட் வரத்து குறைந்த நேரங்களில் ஒரு வான்வெளித் துண்டைப் பயிற்சிப் பள்ளிக்குத் திறந்துவிடுவதும் முடிகிற காரியம்தான்.

இங்கிலாந்தில் இதே சண்டை நீதிமன்றம் வரை போனது. தனியார் ஜெட்கள் அதிகம் வரும் ஃபார்ன்பரோ விமான நிலையம் புதிதாகக் கட்டுப்பாட்டு வான்வெளி கேட்டது. 2018இல் ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புக்கொண்டது. பக்கத்திலிருக்கும் லாஷம் கிளைடர் சங்கம் எதிர்த்து வழக்குப் போட்டது. கிளைடருக்கு இன்ஜின் இல்லை. வெப்பக் காற்று எங்கே தூக்குகிறதோ அங்கேதான் ஏற முடியும், கூரை தாழ்ந்தால் அதன் பயணமே முடிந்தது. 2019இல் சங்கம் தோற்றது, 2020 பிப்ரவரியில் வான்வெளி நடைமுறைக்கு வந்தது. நான் இதை எடுத்துச் சொல்வது தீர்ப்புக்காக இல்லை. அங்கே திட்டம் வெளியே வந்தது, எதிர்ப்புகள் எழுத்தில் பதிவாயின, முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, சுமார் ஒரு வருடம் கழித்து "சொன்னபடி நடந்ததா" என்று திரும்பிப் பார்க்கும் கட்டமும் விதியிலேயே இருக்கிறது. நம்மிடம் மாற்றம் ஏஐபி என்ற அதிகாரப்பூர்வ வான்போக்குவரத்துத் தகவல் ஏட்டில் ஒரு திருத்தமாக வருகிறது. 28 நாள் சுழற்சியில் ஒரு தேதியில் அமலாகிறது. வரைந்த பிறகு தெரிந்துகொள்கிறோம். வரையும் முன் கேட்பது என்ற பழக்கம் இங்கே இன்னும் வேரூன்றவில்லை. அது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில், நான் அப்ரோச்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மாலை. தனியாகப் பறந்துவந்த ஒரு பயிற்சி மாணவர் உள்ளே வந்து கடக்க அனுமதி கேட்டார். எனக்கு ஏழெட்டு ஜெட்கள் வரிசையில். "வெளியே நில், காத்திரு" என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி அதையே சொன்னேன். இருபது நிமிடத்துக்கு மேல் அவர் ஒரு மலைச்சரிவுக்கும் இறங்கிவரும் மேகத்துக்கும் நடுவே வட்டமடித்தார். மூன்றாவது முறை பேசியபோது குரல் மாறியிருந்தது. உடனே வழிவிட்டேன், பத்திரமாக இறங்கினார். அன்றைய பதிவேட்டில் அந்த இருபது நிமிடம் எங்கும் இல்லை. ஜெட் ஒன்று ஐந்து நிமிடம் தாமதமாகியிருந்தால் காரணம் கேட்டிருப்பார்கள். வானம் எவ்வளவு அகலம் என்பதைவிட, அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் நுழைவைத் தீர்மானிக்கிறது. ஆள் சேர்க்காமல் வான்வெளியை மட்டும் விரித்தால், விதியில் "அனுமதி கேட்டு வரலாம்" என்று இருக்கும். நடைமுறையில் அது "வராதே" என்று ஆகிவிடும்.

அதனால் என் கருத்து இது. விரிவாக்கம் வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாக எதிர்த்தால் தோற்றுப்போவீர்கள், தோற்கவும் வேண்டும். இரண்டு ஓடுபாதை ஓடும் ஊருக்கு ஓரளவு வானம் தேவைதான். படி படியாகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு படியும் எந்த விமானத்துக்காக, எந்த நேரத்தில்? கீழே தரைக்கு மேல் எத்தனை அடி மிஞ்சுகிறது? ஜக்கூரிலிருந்து பயிற்சிப் பகுதிக்குப் போய்வர, அனுமதிக்காகக் கெஞ்ச வேண்டாத, வரைபடத்தில் போட்ட ஒரு நிலையான தடம் உண்டா? சில வெளிப்படிகளில் முழுக் கட்டுப்பாட்டுக்குப் பதில் ரேடியோவும், ரேடாருக்குத் தன் அடையாளத்தையும் உயரத்தையும் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும் மட்டும் கட்டாயம் என்று வைத்தால் போதாதா? கடைசியாக எனக்கு மிக முக்கியமானது: எத்தனை முறை அனுமதி கேட்டார்கள், எத்தனை முறை மறுத்தோம், எவ்வளவு நேரம் காக்க வைத்தோம் என்ற எண்ணிக்கையை மாதாமாதம் வெளியிடுவார்களா?

எடுத்த வானம் திரும்பி வராது என்று நினைக்க வேண்டாம். ட்ரோன்களுக்கு விமான நிலையத்தைச் சுற்றி அனுமதி தேவைப்படும் மஞ்சள் வட்டம் முன்பு 45 கிலோமீட்டர் இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த விதிகள் அதை 12 கிலோமீட்டராகச் சுருக்கின. எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே அனுமதி தேவையில்லாத பச்சைப் பகுதி ஆக்கின. வயலுக்கு மருந்து தெளிப்பவரும் கல்யாண வீடியோ எடுப்பவரும் பலனடைந்தார்கள். தூரத்தோடு உயரத்தையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அது முடிந்தது.

நீங்கள் போகிறபோக்கில் ஓசூர் விமான நிலையம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு 2,000 ஏக்கரில் அறிவித்தது. கர்நாடகமும் பெங்களூருக்கு இரண்டாவது நிலையத்துக்குக் கனகபுரா சாலையிலும் நெலமங்கலா பக்கமும் இடம் பார்க்கிறது. பேச்செல்லாம் நிலத்தைப் பற்றியே இருக்கிறது. ஓசூர் வானத்துக்கு எச்ஏஎல் கட்டுப்பாடு குறுக்கே வருகிறது. இத்தனை நிலையங்கள் வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே வட்டம் கேட்கும். அதற்கு முன் மொத்தப் பகுதிக்கும் ஒரே வரைபடம், முடிந்தால் ஒரே அறையில் உட்கார்ந்த கன்ட்ரோலர்கள் என்று யோசித்தால் சின்னவர்களுக்கும் இடம் இருக்கும்.

உங்கள் மகளுக்கு இப்போதைக்கு: கிளம்பும் முன் ஏடிசிக்கு (வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு) போன் செய்து எந்த நேரம் சுலபம் என்று கேட்கச் சொல்லுங்கள், தயங்காமல் சொல்வார்கள். ரேடியோவில் எங்கே நுழைகிறாள், எங்கே வெளியேறுகிறாள், எந்த உயரம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எங்கள் வேலை பாதியாகிவிடும், அனுமதி சீக்கிரம் வரும். எரிபொருளோ வானிலையோ நெருக்கினால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மரியாதைக்காக மறைக்கக் கூடாது. காத்திருந்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பள்ளியில் மற்ற மாணவர்களும் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டுகளோடு பள்ளி அதிகாரிகளிடம் போய் நின்றால், அவர்கள் மேசையில் அப்படி ஒரு கணக்கு வைக்கப்படுவது அநேகமாக அதுவே முதல் தடவையாக இருக்கும்.